நாற்காலியில் தொழுத நாட்கள்





எங்கள் முஹல்லாப் பள்ளிவாசலில் கடைசி ஸஃப்பின் ஓரமாக நான்கு நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். முழங்கால் நோவுள்ள பெரியவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவற்றில் அமர்ந்து தொழுவார்கள். சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம் முதல் அவற்றுள் ஒன்று எமக்குரியதாயிற்று. அப்போது எமக்கு வயது 46.

முதல் நாள் லுஹர் தொழுகை முடிந்து வெளியே வருகையில், எம்மிடம் அலிஃப், பே ஓதும் சிறுவன் ஒருவன் எமது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "உஸ்தாதே, உங்களுக்கும் வயசாயிட்டா?"

சிரித்து மழுப்பினோம். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை உடன் வந்தது. இரவிலும் அகலவில்லை. பல மாதங்கள் அதனோடு வாழ்ந்த பின்பே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். பெருநாள் விடுமுறையில் உறவினர் வீட்டு இளைஞர்கள் நெய்யூருக்கு வந்திருந்தனர். அஸர் தொழுகைக்குப் பின் தென்னந்தோப்பில் வலை கட்டி, இளைஞர் ஒரு பக்கம், நாற்பதைக் கடந்தோர் ஒரு பக்கம் எனக் கைப்பந்து ஆடினார்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் வலையோரம் நின்று பந்தை ஓங்கி அடிப்பதில் எமக்குச் சிறிது பெயர் இருந்தது. அந்தப் பெயரை எவரோ நினைவூட்டினார். போதாதா? மகனுடைய ட்ராக் பேண்டை வாங்கி அணிந்துகொண்டு களம் இறங்கினோம். இரண்டு பந்துகளை அடித்தோம், கைதட்டினார்கள். மூன்றாம் பந்துக்கு எழும்பியவர், தரைக்கு வரும்போது வலது கால் ஒரு பக்கமும் உடல் மறுபக்கமுமாக விழுந்தோம்.

முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொல்லிற்று. அறுவை வேண்டியதில்லை, ஓய்வும் பயிற்சியுமே போதும் என்றார் மருத்துவர். பிறகு அவர் கேட்ட கேள்விதான் எம்மை உலுக்கியது. "இதற்கு முன் கடைசியாக எப்போது விளையாடினீர்கள்?"

எண்ணிப் பார்த்தோம். ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஆறு ஆண்டுகளில் காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு முன்னால் ரிஹாலை வைத்துக்கொண்டு சம்மணமிட்டு அமர்ந்திருந்தோம். முந்நூறு அடி தொலைவிலுள்ள கடைக்கும் பைக்கில் சென்றோம். பகலுணவுக்குப் பின் உறங்கினோம். உடல் எடை பதினோரு கிலோ கூடியிருந்தது.

மருத்துவர் அமைதியாகச் சொன்னார்: "விளையாடினதால இது வரல. ஆறு வருஷம் சும்மா இருந்துட்டு, ஒரே நாள்ல இருபது வயசு மாதிரி விளையாடினதால வந்திருக்கு."

முப்பது வயதைத் தாண்டியபின், ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவில் ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் குறைந்துவருகிறது என்றும், அறுபதுக்குப் பின் அந்தத் தேய்வு விரைவடைகிறது என்றும் மருத்துவம் கூறுகிறது. முழங்காலைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் தொடையின் முன்தசை. குதித்து இறங்கும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுவே. அது மெலிந்திருந்தால் அந்தப் பாரமெல்லாம் மூட்டின்மீதும் ஜவ்வின்மீதும் இறங்கிவிடும். தசைநாண்களும் இளமையில் இருந்ததுபோல் நெகிழ்வதில்லை. களைப்பிலிருந்து மீள்வதற்கும் கூடுதல் நாட்கள் வேண்டும். எமது நினைவு இருபதாம் வயதில் நின்றிருந்தது. தொடைத்தசை 46ஆம் வயதின் கணக்கைச் சரியாக வைத்திருந்தது.

பலவீனத்திலிருந்து மனிதனைப் படைத்து, அதன்பின் பலத்தைக் கொடுத்து, மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்று அல்லாஹ் ஸூரத்துர் ரூமில் அறிவிக்கிறான். அவ்வசனத்தைப் பிள்ளைகளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். எமது முழங்காலுக்கு விளக்க மறந்துவிட்டோம்.

வீட்டில் ஒரே குரலாகச் சொன்னார்கள். "இனிமே அந்தப் பந்துப் பக்கம் போவாண்டாம். தாடி நரைச்சாச்சு. உஸ்தாதுக்கு ஒரு மதிப்பு உண்டும்லா?" என்றார் எமது துணைவியார். பள்ளிவாசல் திண்ணையிலும் அதே பேச்சு. எமக்கும் அது நியாயமாகவே பட்டது. களத்தை விட்டு நிரந்தரமாக ஒதுங்குவதென்று முடிவு செய்துவிட்டோம்.

அந்த முடிவை அசைத்தது எமது வாப்பாவின் நினைவு.

வாப்பா நல்ல நீச்சல்காரர். குளத்தின் இக்கரையில் முங்கி நடுக்குளத்தில் தலை தூக்குவார். நீந்தக் கற்றுத் தந்தவரும் அவரே. நாற்பதைத் தொட்டபோது எவரோ ஒருவர், "மவனுக்கு மீசை முளைக்கப்போற நேரத்துல வாப்பா குளத்துல சாடிக்கிட்டுக் கிடக்கியாரு" என்று கேலி செய்தார். அத்துடன் குளத்தை விட்டார். திங்கள்சந்தையில் இருந்த சிறு கடையின் முக்காலியில் 28 ஆண்டுகள் அமர்ந்திருந்தார். 68ஆம் வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் இரண்டாண்டுகள் படுக்கை. அவரைத் தூக்கி அமரவைத்து உளூச் செய்விப்பது எமது பொறுப்பாக இருந்தது. ஒருகாலத்தில் எம்மைத் தோளில் சுமந்து நீரில் இறங்கிய அந்தக் கால்கள், எமது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்கு மெலிந்திருந்தன. ஸுஜூது செய்ய முடியவில்லையே என்றுதான் அவர் அதிகம் அழுதார்.

நடப்பவை யாவும் அல்லாஹ்வின் நாட்டப்படியே. நீந்திக்கொண்டே இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று சொல்ல எமக்கு அறிவு இல்லை. ஆயினும், உழைக்காத காலின் மெலிவு எத்தகையது என்பதை எமது கைகள் அறியும். வாப்பா ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் களத்தை விட்டார். நாம் ஊரின் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுக் களத்தில் விழுந்தோம். இரண்டு இடங்களிலும் பிறர் பார்வையே முடிவு செய்தது. உடலை எவரும் கேட்கவில்லை.

ஆறு வாரங்களுக்குப் பின் மெதுவாக நடக்கத் தொடங்கினோம். முதலில் நடந்த வழி, நெய்யூர் ஆஸ்பத்திரிச் சாலை. 1838ஆம் ஆண்டு, இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், லண்டன் மிஷனரி சங்கத்தார் தொடங்கிய மருத்துவப் பணி அது. அந்த ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஒருவரைப் பற்றி அந்நாட்களில் படிக்க நேர்ந்தது. சிறுவயது முதல் இவ்வூரில் வாழ்ந்தும் அவரைப் பற்றி இவ்வளவு அறியாதிருந்தமைக்கு வெட்கப்பட்டோம்.

அவர் பெயர் ஹோவர்டு சாமர்வெல். 1890இல் இங்கிலாந்தில் பிறந்த அறுவை மருத்துவர், மலையேறுபவர். 1922இல் எவரெஸ்ட் மலை மீது ஏற முயன்ற குழுவில் இருந்தார். அம்முயற்சி முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த உயர்ந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு இங்கேயே பணியாற்றுவதென முடிவு செய்தார். இருபதாண்டுகளுக்கும் மேலாக நமது தென்திருவிதாங்கூர் மக்களின் வயிற்றையும் குடலையும் அறுத்துக் குணப்படுத்தியவர். 1922ஆம் ஆண்டுக் குழுவினருக்கு, 1924இல் ஷாமொனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் வழங்கப்பட்டது. அந்த வகையில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த கை ஓர் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற கை.

1924 ஜூன் மாதத்தில் அவர் மீண்டும் எவரெஸ்டில் ஏறினார். செயற்கை ஆக்ஸிஜன் இல்லாமல், நார்ட்டன் என்ற தோழருடன் ஏறத்தாழ 28,000 அடி வரை சென்றார். அவ்வுயரத்தில் தொண்டை அடைத்து மூச்சுவிட முடியாமல் போயிற்று. அங்கேயே அமர்ந்துகொண்டு, தோழரை மேலே செல்லுமாறு கூறினார். நார்ட்டன் இன்னும் சிறிது ஏறித் திரும்பினார். ஆக்ஸிஜன் இன்றி எட்டிய உயரங்களில் அது 1978 வரை முறியடிக்கப்படாத சாதனை. இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்குத் தொண்டை முற்றிலும் அடைத்து, இறப்பின் விளிம்பு வரை சென்றார். தம் மார்பைத் தாமே அழுத்தி, அடைத்திருந்ததை இருமி வெளியேற்றி உயிர் மீண்டார். அப்போது அவருக்கு வயது 34.

சிகரத்தை அவர் ஒருபோதும் அடையவில்லை. ஆனால் மலையை விட்டு விலகவுமில்லை. நெய்யூருக்குப் பின் 1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். எழுபதைக் கடந்து ஊர் திரும்பிய அவரை, 1962இல் லண்டனின் ஆல்ப்பைன் கிளப் என்னும் மலையேறுவோர் சங்கம் தன் தலைவராக்கியது. 1975இல், தம் 84ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மார்க்கம் வேறு, இங்கு வந்த நோக்கமும் வேறு. ஆயினும், நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை. எம்மைத் தொட்டது அந்த 28,000 அடியில் அவர் அமர்ந்த அமர்வு. இன்னும் ஆயிரம் அடிக்கு மேல் மீதமிருக்க, உலகமே பார்த்துக்கொண்டிருக்க, "எமது எல்லை இது" என்று ஒருவர் அமர்வதற்கு எத்தனை உறுதி வேண்டும்! தென்னந்தோப்பில் பதினைந்து பேர் பார்த்த ஒரு பந்தை விட்டுக்கொடுக்க எமக்கு அந்த உறுதி இருக்கவில்லை.

நமது மார்க்கம் இதை நமக்கு முன்பே கற்றுத் தந்திருக்கிறது. புகாரீயில் இடம்பெறும் ஒரு ஹதீஸை மாணவர்களுக்கு நடத்தும்போது, அதன் ஆழத்தை நாம் உணர்ந்ததில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பந்தயத்துக்கெனப் பயிற்றி உடல் இறுக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடச் செய்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு. அவ்வாறு பயிற்றப்படாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டும் ஓடச் செய்தார்கள். அது ஏறத்தாழ ஒரு மைல். இரண்டாம் வகைக் குதிரைகளைப் பந்தயத்திலிருந்து நீக்கவும் இல்லை. ஆறு மைல் ஓடச் சொல்லி வதைக்கவும் இல்லை. அவற்றின் நிலைக்கேற்பத் தூரத்தைக் குறைத்தார்கள். பந்தயம் பந்தயமாகவே இருந்தது.

தொழுகையிலும் இதே நீதியைக் காண்கிறோம். உடல் நலிவுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நிலை மாறுகிறது, தொழுகை விடுபடுவதில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுத அந்த நாட்களில்தான் இச்சலுகையின் இனிமையை உணர்ந்தோம்.

இன்றைய விளையாட்டுலகமும் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றுகிறது. மூத்தோர் தடகளப் போட்டிகளில் 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, அந்தந்த வயதினர் தமக்குள் போட்டியிடுகிறார்கள். ஆண்களுக்கான இரும்புக் குண்டின் எடை இளையோருக்கு 7.26 கிலோ. ஐம்பதைத் தொட்டவருக்கு 6 கிலோ, அறுபதில் 5 கிலோ, எழுபதில் 4 கிலோ, எண்பதில் 3 கிலோ. குண்டின் எடை குறைகிறது. எறிபவர் வட்டத்துக்குள்ளேயே நிற்கிறார்.

இவ்விடத்தில் ஒன்றைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். "ஐவேளைத் தொழுகையே போதுமான உடற்பயிற்சி, வேறு எதற்கு?" என்று நம்மவர் பலர் கூறுகின்றனர். நாமும் பிள்ளைகளிடம் அவ்வாறு கூறியதுண்டு. தொழுகை அல்லாஹ்வுக்குரிய வணக்கம். அதன் பயன் உடலையும் சேர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், உடலின் உரிமையை நிறைவேற்றாமல் இருப்பதற்கு வணக்கத்தைச் சாக்காகச் சொல்வது முறையன்று. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தவில்லையா? அந்தத் தோழரே முதுமையில், நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தியதும் பதிவாகியுள்ளது. வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றும், இரு நாட்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தோர், தடுமாறி விழாதிருக்க, வாரத்துக்கு மூன்று நாட்களேனும் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. வாப்பாவுக்கு இதைச் சொல்ல அன்று எவரும் இல்லை.

இப்போது நாம் செய்வதைச் சொல்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் உயரம் தூக்கிப் பத்து எண்ணும் வரை நிறுத்துகிறோம். நாற்காலியில் கைகளை ஊன்றாமல் அமர்ந்து எழுகிறோம். தொடங்கியபோது ஐந்து முறை, இப்போது இருபது. வகுப்பில் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறோம். கடைக்குக் கால்நடையாகவே செல்கிறோம். வாரத்தில் இரண்டு நாட்கள் தென்னந்தோப்புக்கும் போகிறோம். ஆம், கைப்பந்து ஆடத்தான். கால் மணி நேரம் உடலைச் சூடேற்றிய பிறகே பந்தைத் தொடுவது. ஓங்கி அடிக்கும் இடத்தை இளைஞருக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுப்பது எமது வேலை. எழும்பிக் குதிப்பது இல்லை. அடுத்த நாள் மூட்டில் வீக்கமோ நோவோ இருந்தால் அந்த வாரம் ஓய்வு. சர்க்கரை நோயோ, இரத்த அழுத்தமோ, நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே முறை.

முதல் நாள் பின்வரிசையில் நின்றபோது நெஞ்சு வலித்தது உண்மை. ஓர் இளைஞன் ஓங்கி அடித்துக் கைதட்டல் பெறும்போது, அந்தப் பந்தை அழகாகத் தூக்கிக் கொடுத்தது நாம் என்பது எவர் கண்ணிலும் படவில்லை. பிறர் காணாத நற்செயலின் சிறப்பைப் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் பேசுபவர்களுக்கு, அதைச் சிறிது அனுபவித்துப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நமது பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். நாற்பதைத் தாண்டிய ஆணுக்காவது திண்ணையும் தெருவும் உண்டு. அடுக்களையிலேயே நின்று கால் வீங்கும் நம் உம்மாமார்களுக்கும் மனைவியருக்கும் நடப்பதற்கு நேரமும் இடமும் எவர் கொடுத்தோம்? வீட்டு வேலையே போதுமான பயிற்சி என்று அவர்களுக்கும் ஒரு சாக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள், தோழர்களை முன்னே செல்லவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு பயணத்தில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் வென்று, முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று கூறினார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். இரண்டு பந்தயங்களும் நபியவர்கள் ஐம்பதைக் கடந்த பின் நடந்தவை. எடை கூடிவிட்டது என்று அன்னையார் ஒதுங்கவில்லை. தமது மதிப்பு குறையும் என்று நபியவர்களும் எண்ணவில்லை. நரைத்த தாடிக்கு ஓட்டம் அழகில்லை என்போர் இந்த ஹதீஸைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

இதை ஒருநாள் வீட்டில் வாசித்துக் காட்டினோம். "போவாண்டாம்" என்று சொன்ன துணைவியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். மறுநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து நாம் வரும்போது, நடப்பதற்குத் தயாராக வாசலில் நின்றார். இப்போது இருவரும் சானல் கரையில் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கிறோம். அவர் எம்மைவிட வேகமாக நடக்கிறார். திருப்பத்தில் நின்று, "வாங்க, மெதுவா வாங்க, அவசரமில்ல" என்கிறார். தோல்விக்கு ஈடு செய்யும் நாள் எமக்கு இன்னும் வரவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் நாற்காலியை விட்டு எழுந்து தரையில் ஸுஜூது செய்தோம். நெற்றி தரையைத் தொட்டபோது வாப்பாவை நினைத்துக்கொண்டோம். அந்தச் சிறுவன் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். தொழுகை முடிந்ததும் ஓடிவந்து, "உஸ்தாதே, வயசு போயிட்டா?" என்று கேட்டான்.

"போகல மக்களே. வயசும் கூடவே தொழுதுகிட்டு நிக்கி" என்றோம்.

யா அல்லாஹ்! நீ தந்த உடலை உன் அமானிதமாகப் பேணும் அறிவை எங்களுக்குத் தருவாயாக. பலம் உள்ளபோது பெருமையிலிருந்தும், பலம் குறையும்போது சோர்விலிருந்தும் எங்களைக் காப்பாயாக. எங்கள் இறுதி நாள் வரை எங்கள் நெற்றிகள் தரையைத் தொட அருள்வாயாக. படுக்கையில் கிடப்போருக்கு நற்சுகத்தையும், எங்களை முந்திச் சென்ற பெற்றோருக்கு மன்னிப்பையும் வழங்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.